கண்ணாடி வெயிலில் எடுத்த படம்

இக்குறிப்பில் நான் நேரில் கண்டவையும் என் காதால் கேட்டவையும் என் குறிப்பேட்டில் அன்றன்று எழுதிவைத்தவையும் மட்டுமே இடம்பெறும். பிறர் சொல்லி நான் அறிந்தவற்றை, சொன்னவர் இன்னார் என்று காட்டியே எழுதுவேன். ஊகம் எழுதமாட்டேன். சரிபார்க்காமல் பேசியதால் நேர்ந்த தவறு ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். அப்படியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் சொல்லப்போவது, முறையாகச் சரிபார்த்துப் பேசியதால் நேர்ந்தது.

நம் சங்கத்தின் புகைப்படப் போட்டிக்கு இவ்வாண்டு நீங்கள் மூவரும் நடுவர்களாகியிருக்கிறீர்கள். கணினியில் திருத்திய படங்களை, பொழுதுபோக்காகப் படமெடுப்போருக்கான இப்போட்டியின் முதன்மைப் பிரிவிலும் சேர்க்கலாமா கூடாதா என்பதே உங்கள் முதல் கூட்டத்தின் பொருள் என்று செயலாளர் தெரிவித்தார். என் கருத்தையும் கேட்டார். கருத்து என்று என்னிடம் இப்போது எதுவும் இல்லை. நடந்த ஒன்று மட்டும் இருக்கிறது.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு படக்கூடத்தில் திருத்துநராக வேலை செய்தவள். மணமகளின் முகத்திலிருந்து அம்மைத் தழும்பை எடுப்பேன். வெளிநாட்டில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். அடையாள அட்டை அளவிலான முகம் ஒன்றைத் தந்து, இறந்த தாய்க்குப் பட்டுச்சேலை கட்டிவிடச் சொல்வார்கள், கட்டிவிடுவேன். இல்லாததை இருந்ததாகக் காட்டியே ஓய்வூதிய வயதை எட்டியதால், பொய்ப்படத்தை இவள் கண்டுபிடிப்பாள் என்று என்னை நடுவராக்கினார்கள். முதலில் கைக்கருவிகளைக் கொண்டும் பிறகு கணினியிலும் அதே வேலையைத்தான் செய்தேன்.

அந்த வேலையில் எனக்கு ஆசானாக இருந்தவர் கூடத்தின் உரிமையாளர். நான் சேர்ந்த புதிதில் தனித்தனியே எடுத்த இரு சகோதரர்களின் படங்களை ஒன்றாக்கிக் காட்டினேன். விளிம்பு தெரியவில்லை, நிறம் பொருந்தியிருந்தது. அவர் ஒரு நொடிதான் பார்த்தார்.

"ஏம்மா, இவங்க ரெண்டு பேரும் ரெண்டு சூரியன் உள்ள ஊர்லயா நிக்கிறாங்க?"

அண்ணனின் மூக்கு நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது, தம்பியினது வலப்பக்கம். "மூஞ்சியப் பாக்காத. மூஞ்சிய எல்லாரும் ஒழுங்கா ஒட்டிருவாங்க. நெழலப் பாரு" என்றார். அன்றுமுதல் எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் என் கண் முதலில் நிழலுக்கே போகும். அது நல்ல பாடம். பலமுறை என்னைக் காத்த பாடம். நல்ல பாடம் ஒன்று எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

நான் நடுவராக இருந்த காலத்தில் போட்டியின் விதி ஒரே வரிதான்: இருந்ததை நீக்கலாகாது, இல்லாததைச் சேர்க்கலாகாது. வெளிச்சத்தைக் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம். விதியை மீறிய படங்களைப் பரிசளிப்பு நாளில் மண்டபத் திரையில் காட்டி, குற்றமுள்ள இடத்தைச் சிவப்பு வட்டமிட்டு விளக்குவோம். அந்த வழக்கத்தைத் தொடங்கியவள் நான். எடுத்தவரின் பெயரைச் சொல்லமாட்டோம். பெயர் சொல்லாமலிருந்தால் யாருக்கும் புண்படாது என்று நான் நம்பிய நாட்கள் அவை.

அவ்வாண்டின் தலைப்பு 'வீடு'. வந்த படங்களில் ஒன்று, சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றின் ஏழாம் மாடி நடைபாதையில் எடுத்தது. ஐம்பதை எட்டிய ஒரு பெண், ஈரத்துணிகள் கோத்த மூங்கில் கழியை இரு கைகளாலும் தலைக்குமேல் தூக்கி நிற்கிறாள். அவளுக்குப் பின்னாலுள்ள சுவரில் இடப்பக்கம் ஒரு நிழல் கழியைத் தூக்குகிறது. வலப்பக்கமும் ஒரு நிழல் தூக்குகிறது. மூன்று பெண்கள் சேர்ந்து ஒரே சுமையை ஏற்றுவதுபோல இருந்தது. என் நடுவர் வாழ்வில் முதற்பரிசுக்கென்று என் கை தானாக மேசையிலிருந்து எழுந்தது அந்த ஒரு படத்துக்குத்தான். அடுத்த கணமே என் கண் நிழலுக்குப் போயிற்று.

எடுத்தவர் லோகநாதன். பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் பேருந்தின் ஓட்டுநர். படத்தில் இருந்தவர் அவர் மனைவி பரமேஸ்வரி. அதே தொழிற்சாலையில் பொட்டலமிடும் பிரிவில் வேலை. படத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் திறந்து வெளிச்சத்தைக் கூட்டி, மூலத்தின்மேலேயே சேமித்துவிட்டதாக லோகநாதன் சொன்னார். கோப்பின் பதிவில் செயலியின் பெயர் இருந்தது. அந்தச் செயலியைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பது பதிவில் இல்லை. உடன் இருந்த நடுவர் ஒருவர் தம் மென்பொருளில் படத்தை இட்டுப் பார்த்தார். வலப்பக்க நிழலைச் சுற்றி அது வண்ணம் பூசிக் காட்டியது. "மெஷினே சொல்லுதுக்கா, அப்புறம் என்ன" என்றார். இயந்திரத்தை நம்பி ஒருவரை வெளியேற்ற என் மனம் ஒப்பவில்லை. நானே சென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். இதுவரை நடுவர் எவரும் அப்படிச் சென்றதில்லை என்று அவர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

சென்றது சூலை மாதத்தில். படம் எடுத்தது மாலை ஐந்தரை மணி என்று லோகநாதன் சொல்லியிருந்ததால் ஐந்து மணிக்கே போய்விட்டேன். ஆயர் ஈத்தாமிலுள்ள என் வீட்டிலிருந்து அந்த இடம் தொலைவில்லை. ஆயினும் அந்த அடுக்குமாடிக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுவே முதல்முறை. மின்தூக்கி ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. நடைபாதை தெற்கு நோக்கியது. கையில் திசைகாட்டி, குறிப்பேடு, அந்தப் படத்தின் அச்சு. பரமேஸ்வரி அம்மையார் கோப்பி கொடுத்தார். படத்தில் நின்ற இடத்தில் கழியோடு நின்று காட்டினார். சுவரில் ஒரு நிழலும் விழவில்லை.

"இப்ப வராதுக்கா. சீனப் பெருநாள் முடிஞ்சு கொஞ்ச நாள் வரும். அப்புறம் தீபாவளிக்கு முன்னால வரும்."

எது வரும் என்று கேட்டேன்.

"கண்ணாடி வெயில்லா. அந்தக் கட்டடத்துலேருந்து."

கிழக்கே, இரண்டு தெருக்களுக்கு அப்பால், புதிதாக எழுந்திருந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றைக் காட்டினார். அதன் முகம் சாம்பல் நிறத்தில் மங்கிக்கிடந்தது. மேற்கிலிருந்து வரும் வெயில் ஒரு பக்கம் அடிக்குமாம். அதே நேரத்தில் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் மறுபக்கம் அடிக்குமாம். ஏழெட்டு நிமிடம் போதுமாம், துணியின் ஈரவாடை போய்விடுமாம். மாடியிலுள்ள பெண்கள் எல்லாரும் அந்த நேரத்துக்குக் காத்திருந்து கழியை நீட்டுவார்களாம். பக்கத்து வீட்டுச் சீன அம்மையாரையும் கூப்பிட்டார். அவர் மலாயில், உண்மைதான், இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வெயிலில் எடுத்த வேறு படம் ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார் லோகநாதன். வெயிலை எதற்குப் படம் எடுக்கவேண்டும் என்று அம்மையார் சிரித்தார்.

ஆறே முக்கால்வரை இருந்தேன். குறிப்பேட்டில் நான் எழுதியது இதோ, சொல் மாற்றாமல்: 'மாலை ஐந்து முதல் ஆறே முக்கால்வரை நேரில் கண்டது. வானம் தெளிவு. சுவரில் நிழல் எதுவும் இல்லை. அண்டை வீட்டார் சாட்சி உண்டு, அவர்களுக்கு வேண்டியவர்.'

தை பிறந்தால் கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புகிறான் என்று சொல்லிப் பொங்கல் வைப்பவள் நான். ஆண்டின் நடுவில் அவன் வடக்கே இருப்பான், தெற்கு நோக்கிய சுவரைத் தொடமாட்டான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று மாலை திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அது தோன்றவில்லை. பிப்ரவரி, அக்டோபர் என்னாமல் அவர்கள் பெருநாட்களின் பெயரால் சொன்னார்கள். நான் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

பரிசளிப்பு ஆகத்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதற்பரிசு பெற்ற படத்தில் மழைத்துளி வழியும் சன்னலுக்குப் பின்னால் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அந்தத் துளிகள் செடிக்கு நீர் தெளிக்கும் புட்டியால் தெளித்தவை என்று பரிசு பெற்றவரே பின்னர் என்னிடம் சொன்னார். கணினி அந்தப் படத்தைத் தொடவில்லை. விதி மீறப்படவில்லை.

பிறகு விதி மீறிய படங்களைத் திரையிட்டோம். லோகநாதனின் படம் வந்தது. நான் வலப்பக்க நிழலைச் சிவப்பால் வட்டமிட்டேன். மண்டபம் நிறைந்திருந்தது. என் ஆசான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது, அதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்: "ஒரே ஊரில் இரண்டு சூரியன் இல்லை." மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. இதையும் சரிபார்த்தே எழுதுகிறேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து பரமேஸ்வரி அம்மையார் எழுந்தார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, முகம் திரையில் அவ்வளவு பெரிதாக இருந்தது. படம் தேர்வானால் ஓராண்டு மண்டபச் சுவரில் தொங்கும் என்று மாடி முழுக்கச் சொல்லி, நாலைந்து பெண்களையும் அழைத்துவந்திருந்தார் என்பதைப் பின்னர் லோகநாதன் சொல்லி அறிந்தேன்.

"நான் அங்கதான்க்கா நின்னேன். கைரெண்டும் வலிச்சிருச்சு."

மீண்டும் சிரிப்பு. லோகநாதன் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"உங்க ஊருக்கு ஒன்னு இருக்கலாம். எங்க மாடிக்கு ரெண்டு."

சொல்லிவிட்டு வெளியே போனார். அழைத்துவந்த பெண்களும் எழுந்து பின்னால் போனார்கள். நான் அடுத்த படத்தைப் போடச் சொன்னேன்.

நெருக்கடி வந்தால் நிதானம் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அன்று என்னிடம் நிதானம் குறைவில்லாமல் இருந்தது. குரல் நடுங்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தவள் என்ற உறுதி இருந்தது. போய்ப் பார்க்காதவளாக இருந்திருந்தால், அந்த அம்மையார் எழுந்து நின்றபோது எனக்கு ஓர் ஐயமாவது எழுந்திருக்கும்.

சிவப்பு வட்டமிட்ட படத்தை யாரோ கைப்பேசியில் பிடித்து வாட்சப் புலனக் குழுக்களில் அனுப்பிவிட்டார்கள். பத்து காவான் தொழிற்சாலையில் அம்மையாருக்கு 'எடிட் அக்கா' என்று பெயர் வைத்தார்களாம். உணவு இடைவேளையில் ஒருத்தி, "நெழல வூட்ல வச்சிட்டு வந்துட்டியா பரமு?" என்று கேட்பாளாம். முதலில் தாமும் சேர்ந்து சிரித்தாராம். பின்னர் எவர் கைப்பேசியைத் தூக்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மருமகள் முறையான ஒரு பெண்ணின் திருமணத்தில், குடும்பப் படம் எடுத்த நேரத்தில் சமையற்கட்டில் போய் நின்றுகொண்டாராம். இவை அனைத்தும் லோகநாதன் சொன்னவை. அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதனால் சொன்னார்.

அக்டோபரில், தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், பரமேஸ்வரி அம்மையார் மூளையில் இரத்தக் கசிவால் இறந்தார். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். அதற்கும் மண்டபத்தில் நடந்ததற்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை, சான்று இல்லை. இல்லையென்றும் சொல்லவில்லை, அதற்கும் சான்று இல்லை.

போகவேண்டும் என்று தோன்றியது, போனேன். சிங்கப்பூரிலிருந்து மகள் வந்துசேரத் தாமதமானதால் பிற்பகலில் எடுக்கவேண்டிய உடலை மாலைவரை வைத்திருந்தார்கள். உள்ளே இடமில்லை; நடைபாதையில் வரிசையாக நின்றோம். கதவருகே அம்மையாரின் படம் மாலையோடு இருந்தது.

அது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. கடைக்காரர் அரக்குநிறப் பட்டுச்சேலை ஒன்றைச் சேர்த்திருந்தார். நீல மேகத்தைப் பின்னால் வைத்திருந்தார். கன்னத்தை வழவழப்பாக்கியிருந்தார். தாடையின் கீழே நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. சேலை மடிப்பின் நிழல் வலப்பக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் நான் செய்த வேலை, என் கண்முன் மாலை போட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைக் கும்பிட்டார்கள். ஒருவரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை.

மாடியில் எடுத்த அந்தப் படத்தை வைக்கத்தான் விரும்பினேன் என்றார் லோகநாதன். உறவினர் தடுத்துவிட்டார்களாம்.

"எடிட் பண்ண படத்தப் போயி சாவு வூட்ல வைக்கிறதான்னு கேட்டாங்கக்கா. வேற படமும் இல்ல. கடைசியா எடுக்கவே விடலியே அவ."

நான் நடைபாதையின் ஓரத்துக்கு வந்து வெளியே பார்த்து நின்றேன்.

மணி ஐந்தரை இருக்கும். என் வலது கன்னத்தில் சூடு பட்டது. மேற்கு வெயில் நடைபாதையில் சாய்வாக நுழைந்திருந்தது. சிறிது நேரத்தில் இடது கன்னத்திலும் பட்டது. திரும்பினேன். கண்ணாடிக் கட்டடத்தின் மேல்பாதி முழுக்கத் தீப்பற்றியதுபோல இருந்தது. சுவரைப் பார்த்தேன். துக்கத்துக்கு வந்து நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் இருபுறமும் நிழல் விழுந்திருந்தது. எனக்கும் இரண்டு.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அது புதிதில்லை. பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் மட்டும் பழக்கத்தில் துணிக்கழியைக் கையில் எடுத்தார். வாசலில் நிற்கும் கூட்டம் நினைவுக்கு வரவே சத்தமில்லாமல் திரும்ப வைத்தார்.

லோகநாதன் என்னைப் பார்த்தார். நான் எதைப் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது.

"வந்துருச்சுக்கா" என்றார்.

என் கைப்பையில் கைப்பேசி இருந்தது. எடுத்திருந்தால் சான்று கிடைத்திருக்கும். சாவு வீட்டில், அதுவும் அந்த வீட்டில், கைப்பேசியைத் தூக்க என் கை வரவில்லை. எட்டு நிமிடம் இருக்கலாம். பிறகு சுவர் வெறும் சுவராயிற்று.

அந்த வாரமே சங்கத்துக்கு எழுதினேன்: படம் உண்மை, தீர்ப்பைத் திருத்துங்கள் என்று. அவர்கள் மரியாதையோடு சான்று கேட்டார்கள். வந்து பாருங்கள் என்றேன். நாள் குறித்து அவர்கள் வருவதற்குள் தீபாவளி கடந்துவிட்டது. நடைபாதையில் நால்வராக நின்றோம். கண்ணாடியின் ஒளி வேறெங்கோ விழுந்தது.

"இப்போது வராது. சீனப் பெருநாள் முடிந்து வரும்" என்று ஒரு குரல் சொல்லியது. அது என்னுடையது.

தலைவர் என் தோளில் கை வைத்து, "அக்கா சொன்னா நாங்க நம்புறோம். ஆனா ஃபைல்ல போட ஏதாச்சும் வேணும்லா" என்றார். அந்தக் கனிவை நான் அடையாளம் கண்டுகொண்டேன். கோப்பியைக் குடித்துவிட்டு நானும் அதே கனிவோடுதான் அந்த வீட்டைவிட்டு இறங்கியிருந்தேன்.

சீனப் பெருநாள் முடிந்தபின் போனேன். இடையே ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கட்டிய பச்சை வலை, கண்ணாடிக் கட்டடத்தை முழுக்க மறைத்திருந்தது. ஒன்பது மாலைகள் போனேன். ஒரு நாளும் வரவில்லை. இனி அந்த வெயிலுக்குச் சாட்சி அந்த மாடியின் குடிகளும் நானும் மட்டுமே. எல்லாரும் வேண்டியவர்கள்.

முடிவில் சங்கம் ஒரு வழி கண்டது. அவ்வாண்டு முதல் 'திருத்திய படங்கள்' என்று தனிப் பிரிவு தொடங்குவதாகவும், அதன் முதற் படமாக, மறைந்தவரின் நினைவாக, லோகநாதனின் படத்தை மண்டபத்தில் மாட்டுவதாகவும் தீர்மானித்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. எல்லாருக்கும் மனநிறைவு தரும் என்று நம்பினார்கள். போய்ச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. லோகநாதன் பேருந்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துணியைப் பிழிந்துவிட்டுச் சொன்னார்:

"அவ நெஜமா நின்னாக்கா. அதுக்கு ஒரு பிரிவு இருந்தா சொல்லுங்க."

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நடுவர் குழுவிலிருந்து விலகினேன். படம் மாட்டப்படவில்லை. பிரிவு இருக்கிறது, நீங்கள் அதற்கும் நடுவர்கள்.

திருத்திய படங்களைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு நீங்கள் ஒரு விடை காண்பீர்கள். எந்த விடையானாலும் அதை ஒரு மேசையில் அமர்ந்து செயற்படுத்துவீர்கள். மென்பொருள் இருக்கும், கோப்பின் பதிவு இருக்கும். ஐயம் வந்தால் நேரில் போகவும் செய்வீர்கள். போன நாளில் வெயில் இராது. அங்கே வாழும் ஒருவர், பிறகு வரும் என்பார். அவரை நம்புவதற்கு விதியில் இடமில்லை. நம்பினால் நாளை பொய்யரையும் நம்பவேண்டிவரும். இதற்கு ஒரு வழி காண ஈராண்டாக முயல்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. சிவப்பு வட்டத்தை மட்டுமாவது நிறுத்திவிடுங்கள்.

தெரியாதவை இவை. அந்தச் செயலியில் லோகநாதன் வெளிச்சத்தைத் தவிர வேறெதையும் தொட்டாரா என்பது தெரியாது. நான் கண்டது வெயிலை மட்டுமே, அவர் படமெடுத்த கணத்தை அல்ல. வட்டமிட்ட படம் இன்னும் எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறது என்பது தெரியாது. பச்சை வலையை அகற்றிய பிறகு கண்ணாடி வெயில் அந்த மாடிக்குத் திரும்புமா என்பது தெரியாது. மண்டபத்தைவிட்டு வெளியே போனபின் பரமேஸ்வரி அம்மையார் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று லோகநாதனை ஒருமுறை கேட்டேன். அவர் பேருந்தில் ஏறி இயந்திரத்தைக் கிளப்பினார். அதுவும் தெரியாது.